ஈரம் படாமல் வைத்த ரோல்கள்

5 ஜூலை 1981, ஞாயிறு

மழை. போடியில் தூறல், போடிமெட்டு மலை ஏறியதும் கொட்டியது. ஜீப்பில் பதினான்கு பேர், நான் பின்னால் தொங்கிக்கொண்டு. கேமரா பையை மட்டும் மடியில் வைத்துக்கொள்ள ஓர் அம்மாள் சம்மதித்தாள். பதினோரு மாதம் கப்பலில் உலகம் சுற்றியவன் வீடு வந்து சேர்ந்த லட்சணம் இது.

எஸ்டேட் வாசலில் செல்லி, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு. கல்யாணமாகி மூன்று வருஷம். அதில் ஏறக்குறைய ஒரு வருஷம் நான் பக்கத்தில் இல்லை. இளைத்திருக்கிறாள். போடி வீட்டைக் காலி செய்துவிட்டு அவள் அண்ணனோடு இந்த எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கச் சொன்னது நான்தான். சும்மா இருக்கவில்லை, ஏலக்காய் பறிக்கப் போயிருக்கிறாள். நகக்கண்ணெல்லாம் கறை.

"வந்துட்டீங்களா மாமா" என்றாள். அழுதாள். உடனே, "பை நனையுது, வெரசா உள்ள கொண்டாங்க" என்றாள்.

சோறு, கருவாட்டுக் குழம்பு. தூக்கம். நான் அனுப்பிய பிலிம் ரோல்களை நாளைக்குப் பார்க்க வேண்டும்.

6 ஜூலை, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

காலையில் காபி குடித்ததும் கேட்டேன். "ரோலெல்லாம் எங்க செல்லி?"

"ஈரம் அண்டாத எடத்துல வச்சிருக்கேன். வாங்க காட்டுறேன்." முகத்தில் அவ்வளவு பெருமை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டோருக்கு.

ஸ்டோர் என்றால் ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடம். ஜன்னல் இல்லாத அறை. தரையோடு இரும்புக் குழாய்; வெளியே அடுப்பில் விறகு எரிய, சூடு குழாய் வழியே உள்ளே ஓடும். சுற்றிலும் கம்பி வலைத் தட்டுகள். மேல் தட்டில், மூலையில், என் பழைய வேட்டியில் சுற்றிய பிஸ்கட் டின். திறந்து காட்டினாள். நாற்பத்தொரு ரோல், நாடு வாரியாக, ஒவ்வொரு கட்டுக்கும் அவள் கையெழுத்தில் சீட்டு. எகிப்து. கிரீசு. ரியோ. சப்பான். நார்வே.

"இந்த எஸ்டேட்டுலயே இதுக்கு மேல காஞ்ச எடம் கெடையாது மாமா. காய்க்கே எடம் பத்தல, தட்டக் கேட்டு எங்க அண்ணன் சண்டைக்கு வந்துச்சு. விடலையே நானு."

"எப்பருந்து இங்க இருக்கு?"

"மொத பார்சலு வந்ததுலருந்து. ஆவணியிலருந்து."

"அடுப்பு எரியும்போதும்?"

"பின்ன? அப்பத்தான நல்லா காஞ்சு கெடக்கும்."

குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. இப்போது எரியவில்லை. ஆனால் ஆவணியிலிருந்து பங்குனி பாதி வரை ராவும் பகலும் எரிந்த அறை.

கப்பலில் என் படுக்கை இன்ஜினுக்குப் பக்கத்தில். சூடு தாங்காது, பிலிம் கெட்டுவிடும் என்றுதான் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் தபாலில் வீட்டுக்கு அனுப்பினேன். சூட்டுக்குப் பயந்து!

"நல்லது" என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

7 ஜூலை, செவ்வாய்

போடிக்கு இறங்கினேன். பம்பாய் லேபுக்கு இன்ஷூர் செய்து பார்சல். வேறு எங்கும் இந்த ஸ்லைடு பிலிமைக் கழுவ முடியாது. பதில் வர ஒரு மாதமாவது ஆகும்.

தபால் ஆபீஸ் கிளார்க் பார்சலை மூக்கருகில் கொண்டுபோனார். "என்னண்ணே, ஏலக்கா வாசமா வருது? உள்ள போட்டோன்னு எழுதிருக்கீங்க?"

"போட்டோதான்."

"மணக்குற போட்டோ" என்று சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

9 ஜூலை, வியாழன்

மழை விடவில்லை. தீப்பெட்டி நமத்துப்போகிறது. பெல்ட்டில் பூஞ்சை. லென்ஸை வேட்டித் துணியால் துடைத்துத் துடைத்து வைக்கிறேன்.

காலி பிலிம் டப்பா ஒன்று பையில் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். எழுபத்தைந்து டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே வைக்கவும். பொடி எழுத்து, இங்கிலீஷ். அவளுக்குத் தெரிய நியாயமில்லை. தெரிந்த நான் அருகில் இல்லை.

ஒரே நம்பிக்கை: நார்வே ரோல் ஆறும் ஆனியில்தான் வந்தன. அடுப்பு அணைந்த பிறகு. மிச்சம் முப்பத்தைந்து?

கெட்டிருக்காது. டின் இருந்தது, வேட்டி சுற்றியிருந்தது, மூலைத் தட்டு. கெடாமலும் இருக்கலாம். இதையே காலையிலிருந்து இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

11 ஜூலை, சனி

சென்னைப் பதிப்பாளரின் கடிதம். உலகத்தின் அழகான இடங்கள், அறுபது கலர் படம், ஒவ்வொன்றுக்கும் பத்து வரி. எழுத்தை இம்மாதக் கடைசிக்குள் கேட்கிறார். படத்தை ஆகஸ்ட் கடைசிக்குள். "தமிழில் இப்படி ஒரு புத்தகம் வந்ததில்லை" என்கிறார்.

ஒன்பது வருஷம் போடியில் ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ், மஞ்சள்நீராட்டு, செத்தவரை நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படம். இந்தப் புத்தகத்துக்காகத்தான் ஸ்டுடியோவை மூடினேன். கப்பலில் வேலை என்னவோ பணக்காரப் பயணிகளைச் சாப்பாட்டு மேஜையில் படம் பிடிப்பதுதான். கரையில் இறங்கிய நேரம் மட்டும் எனக்குச் சொந்தம். அந்த நேரம் முழுக்க அந்த டின்னுக்குள் இருந்தது.

செல்லியிடம் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது.

13 ஜூலை, திங்கள்

எழுத உட்கார்ந்தேன். படம் இல்லாமல் ஞாபகத்திலிருந்து.

எகிப்து. பிரமிடு. கிட்டே போனால் பிரமிடு இல்லை, வெறும் கல். ஒவ்வொரு கல்லும் என் மார் உயரம். மேகம் ஒன்று வரட்டும் என்று மூன்று மணி நேரம் நின்றேன். வந்தது. எடுத்தேன். செருப்புக்குள் மணல் சுட்டது.

வேறு? வேறொன்றும் வரவில்லை. பத்து வரி கேட்கிறார் அவர்.

செல்லி அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். "அங்க என்ன வெள்ளாம மாமா?"

"பாலைவனம். வெள்ளாமை கிடையாது."

"அப்ப சனங்க என்னத்தத் திம்பாக?"

தெரியவில்லை. சோளமா, கோதுமையா? ஒன்பது நாள் இருந்தேன் அந்த ஊரில்.

16 ஜூலை, வியாழன்

கிரீஸ். தீவு. வெள்ளைச் சுவர், நீலக் கடல். வெள்ளையாக இருக்கிற சுவருக்கே மறுபடியும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள் ஒருத்தி. கையைக் காட்டி நகரச் சொன்னேன். நகர்ந்தாள். எடுத்தேன். நல்ல படம்.

ரியோ. கடலுக்குள்ளிருந்து நேராக எழுந்த மலை. சரிவு முழுக்கத் தகரக் கொட்டகை, நம் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகள் போலவே, ஆயிரக்கணக்கில். கொட்டகை ஒன்றுகூட உள்ளே வராமல் மலையை எடுக்க இடம் தேடி அரை நாள் அலைந்தேன். கிடைத்தது.

இதையும் செல்லி கேட்டாள். "அந்தத் தகரக் கொட்டாயில இருக்குறவுகளும் மலையில சோலி பாக்குறவுகளா?"

"யாருக்குத் தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம். நாள் முழுக்கக் கோபம். சோறு போட்டால் கோபம், சும்மா இருந்தால் கோபம்.

20 ஜூலை, திங்கள்

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஏலியம்மா சேச்சி வந்தாள். மூணாறுப் பக்கம். பாதி தமிழ், பாதி மலையாளம். "சாரே, செல்லி எல்லாரோடும் பறஞ்சு கேட்டோ. எங்க வீட்டுக்காரரு ஒலகத்தையே பெட்டியில போட்டு அனுப்பிச்சிருக்காருன்னு."

செல்லி வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

வாங்க வேண்டியவை: சீமெண்ணெய். பிளேடு. தலைவலி மாத்திரை. பேனா மை.

24 ஜூலை, வெள்ளி

ஜப்பான். பியூஜி மலை. மூன்று நாள் மூட்டம். நாலாம் நாள் பன்னிரண்டு நிமிஷம் திறந்தது. முன்னால் தேயிலைச் செடி, வரிசை வரிசையாக, மேலே பனி போர்த்திய மலை. பன்னிரண்டு நிமிஷத்தில் ஐந்து ரோல். என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். கழுவாமலே தெரியும். மாசியில் அனுப்பினேன். மாசிக் கடைசியில் வந்திருக்கிறது. அடுப்பு பங்குனி பாதிவரை. இருபது நாள் வெந்திருக்கும்.

"அங்கயும் தேயிலையா!" செல்லிக்கு ஒரே ஆச்சரியம். "அப்ப நம்மூரு மாதிரிதான்னு சொல்லுங்க."

ஆமாம் என்றேன். இன்று முழுக்க அதையே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

30 ஜூலை, வியாழன்

வெறித்த வானம். இந்த வருஷத்து முதல் காய் எடுப்பு. ஸ்டோரில் அடுப்பு மூட்டினார்கள்.

செல்லியின் அண்ணன் தங்கவேலுதான் ஸ்டோருக்குப் பொறுப்பு. அடுப்புப் பக்கம் போய் நின்றேன். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி, உள்ளே தெர்மாமீட்டர். "எவ்வளவு மச்சான்?" என்று கேட்டேன்.

"இப்ப நூத்திப் பத்து. ராத்திரிக்கு நூத்தி முப்பது வரைக்கும் ஏத்தணும். அப்பத்தான் காயி பச்சையா நிக்கும்." பெருமையோடு சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன் மாப்ளே, மேலுக்கு முடியலையா?"

டப்பாவில் எழுபத்தைந்து. இங்கே நூற்று முப்பது. ஏழு மாதம். நம்பிக்கை என்று ஒன்றை இத்தனை நாள் கட்டி இழுத்துக்கொண்டு வந்தேனே.

அவரிடம் மட்டும் சொன்னேன். காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார். விறகுக் கட்டையைக் கீழே போட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லிராதீக மாப்ளே. உசுர விட்டுரும்." கட்டையைத் திரும்ப எடுத்து அடுப்பில் தள்ளிவிட்டு, "காய வைக்கணும்னா இங்கதான மாப்ளே கொண்டாருவோம். ரேசன் கார்டு நனஞ்சாலும் இங்கதான். எனக்கும் தோணலையே."

யாருக்கும் தோன்றியிருக்காது. இந்த மலையில் எதற்கும் எதிரி ஈரம்தான். சூடு வந்தால் கும்பிடு போட்டு வரவேற்கிற ஊர். எனக்கே கடிதத்தில் ஈரம் என்றுதான் எழுதத் தோன்றியது. சூட்டைப் பற்றி எழுதினேனா? எழுதியிருப்பேன். நிச்சயம் எழுதியிருப்பேன்.

6 ஆகஸ்ட், வியாழன்

போடிக்குப் போனேன். பார்சல் வரவில்லை. அதே கிளார்க். "மணக்குற போட்டோ இன்னும் வரலண்ணே."

எழுத்துப் பிரதியைச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன். அறுபதுக்குப் பத்து வரி இல்லை. நாற்பதுக்கு நாலு நாலு வரி. திரும்பிப் படித்தபோது உலகத்தில் ஆளே இல்லை போலிருந்தது.

12 ஆகஸ்ட், புதன்

வந்துவிட்டது.

தபால் ஆபீஸ் வாசலிலேயே பிரித்தேன். வெயில். ஒவ்வொரு ஸ்லைடாக வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். எகிப்து: செம்மண் தண்ணீரைப் போல ஒரு கலங்கல். கிரீஸ்: அதே கலங்கல். ரியோ: மலை இருக்குமிடத்தில் ஒரு கறை. ஜப்பான்: முப்பது, நாற்பது, ஐம்பது ஸ்லைடு பார்த்தேன். மேல் பாதி கொஞ்சம் வெளிறல், கீழ் பாதி கொஞ்சம் கருப்பு. அவ்வளவுதான் பியூஜி.

நார்வே மட்டும் ஆறு ரோலும் உயிரோடு. மலை, தண்ணீர், தண்ணீரில் மலை. அற்புதமாக இருந்தது. பார்க்கப் பிடிக்கவில்லை.

லேப்காரன் ஒரு சீட்டு வைத்திருந்தான். அதிகச் சூட்டில் இருந்த பிலிம், ஒன்றும் செய்வதற்கில்லை, வருந்துகிறோம்.

சைக்கிளை நிறுத்திவிட்டு ஒருத்தர் கேட்டார். "என்ன தம்பி, கெட்ட சேதியா?" பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தேன். மேலே போகும் ஜீப்பில் என்னை முன் சீட்டில் உட்காரவைத்தார்கள். முகத்தில் என்ன இருந்ததோ.

13 ஆகஸ்ட், வியாழன்

செய்த காரியத்தை எழுதுகிறேன். ஒரு வார்த்தை விடாமல்.

பெட்டி வந்ததை செல்லி பார்த்துவிட்டாள். நான் காலையில் காட்டுப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். திரும்பியபோது சாயங்காலம் ஆறரை மணி, மங்கிக்கொண்டு வந்தது. ஸ்டோர் வராந்தாச் சுவரில் வெள்ளை வேட்டி நீவி ஆணி அடித்துக் கட்டியிருந்தது. எதிரே சாக்கு விரித்துப் பதினைந்து பேர். ஏலியம்மா சேச்சி பவுடர் போட்டுக்கொண்டு முன் வரிசையில். கீழ் எஸ்டேட் வாத்தியாரிடமிருந்து ஸ்லைடு மெஷின் இரவல் வாங்கிவந்து ஸ்டூலில் வைத்திருந்தாள். ஜெனரேட்டர் போட அண்ணனிடம் சொல்லியிருந்தாள். நான் காட்டுகிறேன் என்று சொன்னேனாம், போன வருஷம், புறப்படும்போது. "வந்து எல்லாத்தையும் சுவத்துல காட்டுறேன்" என்று.

தங்கவேலு மச்சான் தூரத்தில் நின்று கையைப் பிசைந்தார்.

செல்லி பெட்டியை எடுத்து நீட்டினாள். "மொதல்ல அந்தத் தேயிலை ஊரப் போடுங்க மாமா."

வெடித்துவிட்டேன். பெட்டியைத் தட்டிவிட்டேன். ஸ்லைடுகள் வராந்தா முழுக்கச் சிதறின. "எதடி காட்டச் சொல்ற? அவிச்சு வச்சிருக்கியே, அதையா? அடுப்புல வச்சு ஒரு வருசத்த அவிச்சுட்ட. ஏலக்காயிக்கும் பிலிமுக்கும் வித்தியாசம் தெரியாத மலட்டுக் கழுத."

அந்த வார்த்தை. மூன்று வருஷமாக ஊர் வாயில் கூட வரவிடாமல் நான் காத்த வார்த்தை. பதினைந்து பேர் முன்னால் என் வாயிலிருந்தே வந்தது.

யாரும் எழுந்திருக்கவில்லை. செல்லி குனிந்து ஒரு ஸ்லைடை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு எல்லாவற்றையும் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினாள். வேட்டியை அவிழ்த்து மடித்தாள். ஜனங்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சேச்சி என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

14 ஆகஸ்ட், வெள்ளி

காலையில் அவள் இல்லை. முதல் ஜீப்பில் இறங்கிவிட்டாள், சிலமலைக்கு, அவள் அம்மா வீட்டுக்கு.

கட்டிலில் என் கடிதங்கள். பதினொன்று, தேதி வாரியாக அடுக்கி, மேலே ஒரு கல். மழைக் காற்றில் பறக்காமல்.

சூட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று நிரூபிக்கத்தான் பிரித்தேன். கடவுள் சாட்சியாக அதற்குத்தான் பிரித்தேன். பதினொன்றையும் படித்தேன். ஒரு கடிதத்திலும் சூடு என்ற சொல் இல்லை. ஏறக்குறைய எல்லாக் கடிதத்திலும் இதுதான்:

"செல்லிக்கு. நலம். ரோல் அனுப்பியுள்ளேன். ஈரம் படக் கூடாது. பூஞ்சை பிடித்தால் என் பிழைப்பே போச்சு. உன் அண்ணனிடம் சொல்லி எஸ்டேட்டிலேயே நன்றாகக் காய்ந்த இடமாகப் பார்த்து வை. மற்றவை பின்."

நன்றாகக் காய்ந்த இடம். என் கையெழுத்து. என் மை.

பிறகு இன்னொன்று கண்ணில் பட்டது. பிப்ரவரியில் எழுதியது: "உன் கடிதம் ரியோவில் கிடைத்தது. ரோல் பத்திரம் என்று அறிந்து மிகுந்த நிம்மதி. மற்றவை பின்."

எந்தக் கடிதம் கிடைத்தது எனக்கு? கேமரா பையைக் கொட்டிக் கவிழ்த்தேன். பில்டர் உறைக்குள் நாலாக மடித்து இருந்தது. லென்ஸ் உரசாமலிருக்கச் சொருகியிருக்கிறேன்.

"மாமாவுக்கு. மார்கழியில் எனக்கு இருபது நாள் காய்ச்சல். போடியில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பிழைக்க மாட்டேன் என்று அம்மா அழுதது. இப்போது தேவலை. ரோல் பத்திரமாக இருக்கிறது."

படித்திருக்கிறேன். படித்துவிட்டுத்தான் நிம்மதி என்று எழுதியிருக்கிறேன்.

தங்கவேலு மச்சான் வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "காய்ச்சல்ல பெனாத்தும்போதும் தட்ட யாருக்கும் குடுத்துராதண்ணேன்னுதான் சொல்லுச்சு. உங்க பார்சலுக்காக" என்றார். "நீங்க அதப் பத்தி வந்த அன்னைக்காச்சும் கேப்பீகன்னு பாத்தேன் மாப்ளே. நீங்க ரோலு எங்கன்னு கேட்டீக."

நான் என்ன ஜென்மம்.

15 ஆகஸ்ட், சனி

எஸ்டேட் ஆபீஸில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். ஜீப் இல்லை.

சென்னைக்கு எழுதினேன். நார்வே ஆறு ரோல் மட்டும் இருக்கிறது. மற்றவை இல்லை. காரணம்: நான். புத்தகம் வேண்டாம். மூன்று முறை எழுதிக் கிழித்து நாலாவது முறை இவ்வளவுதான் எழுத முடிந்தது. இந்தக் கடிதத்தை எப்படி எழுதப் போகிறேன் என்று ஒரு மாதம் செத்துச் செத்துப் பிழைத்தேன். கால் மணியில் முடிந்துவிட்டது. இன்றைக்கு அது எனக்கு வலிக்கவே இல்லை.

16 ஆகஸ்ட், ஞாயிறு

மலையை விட்டு இறங்கினால் ஒரே வெயில். போடியில் லாட்ஜ் எடுத்துப் பையைப் போட்டேன். தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சில் சிலமலை.

மாமியார் வாசலிலேயே நின்றார். உட்காரச் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "நெலக்கடலக் காட்டுல களை வெட்டுறா. போயிப் பாருங்க மாப்ளே."

எட்டுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வரப்பில் நின்றதும் பேச்சு நின்றது. செல்லி நிமிரவில்லை.

"தப்பு என் மேலதான் செல்லி. நான்தான் காய்ஞ்ச இடம்னு எழுதினேன்."

வெட்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த வார்த்தை... நாக்க அறுத்துப் போட்டாலும் தகும். வா, வீட்டுக்குப் போவோம்."

நிமிர்ந்தாள். களைக்கொட்டை ஊன்றிக்கொண்டு நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"ரோலு கெட்டுப்போச்சுன்னு உங்களுக்கு வேகுது. எனக்கும் வேகுதுதான். எனக்கு மட்டும் அந்த ஊரெல்லாம் பாக்க ஆச இல்லையா? நீங்க அனுப்புனத ஈரம் படாம நான் காத்தேன் மாமா. என்னையக் காக்கச் சொல்லி யாருக்காச்சும் ஒரு வரி எழுதிப் போட்டீகளா?"

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

"வர மாட்டேன்" என்றாள். திரும்பவும் குனிந்தாள். அரை வரிசை வெட்டிக்கொண்டு போனபிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "நாளைக்கு வேணா வாங்க. நாளைக்கும் இதேதான் சொல்லுவேன்."

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பக்கத்திலிருந்தவள் அவளை அதட்டினாள். வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன், அவர்கள் கஞ்சி குடிக்கப் போகும் வரை.

17 ஆகஸ்ட், திங்கள்

வெயில். முதல் பஸ். இட்லி இறங்கவில்லை.

அதே காடு. அடுத்த பாத்தி. அதேதான் சொன்னாள், சொன்னபடி.

"காய்ச்சல்னு நீ எழுதின கடுதாசியப் படிச்சேன்" என்றேன்.

"எப்ப?"

"வெள்ளிக்கிழம."

களைக்கொட்டு ஒரு நொடி நின்றது. "ஏழு மாசங் கழிச்சு" என்றாள்.

"எப்படி இருந்துச்சு? அந்த இருபது நாளு?"

மற்றவர்கள் இரண்டு பாத்தி முன்னால் போய்விட்டார்கள். அவள் மட்டும் பின்தங்கினாள். பிறகு சொன்னாள். கஞ்சி வாசம் பட்டாலே வாந்தி வந்ததை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்ததை. பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி செத்துப்போக, அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வரும்வரை கண்ணை மூடிக்கொண்டே கிடந்ததை. ஜன்னல் வழியே மலை தெரியும், மலையில் மேகம் இறங்கினால் எஸ்டேட்டில் மழை என்று பயப்படுவாளாம். பாதியில் அவளே நிறுத்திக்கொண்டாள். "மிச்சம் சொல்ல மனசில்ல. போங்க."

நாளைக்கு வாங்க என்று இன்று சொல்லவில்லை. பஸ் வரும்வரை ரோட்டில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

18 ஆகஸ்ட், செவ்வாய்

மழை, மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து ஸ்டாண்டில் நிற்கிறேன். "வழியில தண்ணி ஓடுதாம், தேவாரம் வண்டி எப்ப வரும்னு தெரியாது" என்கிறார் டிக்கெட்காரர். மழையில் களை வெட்ட மாட்டார்கள். வீட்டில்தான் இருப்பாள். வரச் சொல்லவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாத மிச்சம் இருக்கிறது.

சிலமலைக்கு நடக்கிறேன்.